ஒரு ராணுவ வழக்கறிஞரும் அவருக்கு ஒதுக்கப்பட்ட கட்சிக்காரரும்: நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

'ஜாக்' (ராணுவத்தின் சட்டப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1995 செப்டம்பரில் என்பிசி சேனலில் தொடங்கியது. ஒரே சீசனோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். சிபிஎஸ் என்ற இன்னொரு சேனல் அதை எடுத்துக்கொண்டு 1997 ஜனவரியில் மறுபடி ஓடவிட்டது. 2005 ஏப்ரலில் முடியும்போது பத்து சீசன், 227 எபிசோடு ஆகியிருந்தன. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'என்சிஐஎஸ்' இதன் கிளைதான். கதை அமெரிக்கக் கடற்படையிலும் மரைன் படையிலும் வேலை பார்க்கும் வழக்கறிஞர்களைப் பற்றியது. ஒரு வாரம் அரசுத் தரப்பில் வாதாடும் அதிகாரி, அடுத்த வாரம் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்பார். எந்தப் பக்கம் என்பதை அவருடைய மேலதிகாரியான அட்மிரல் முடிவு செய்வார். உருவாக்கிய டொனால்ட் பெல்லிசாரியோ மரைன் படையில் இருந்தவர். சீருடை போட்டவர்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதை தொடர் முழுக்கத் தெரியும்.

2002 ஏப்ரல் 30 அன்று ஒளிபரப்பான எபிசோடில் அல்-கைதாவைச் சேர்ந்த ஒருவரை ராணுவத் தீர்ப்பாயம் விசாரித்தது. அவருக்காகவும் ராணுவ வழக்கறிஞர்களே வாதாடினார்கள். அப்படி ஒரு தீர்ப்பாயம் நிஜத்தில் அப்போது கூடவே இல்லை. முதல் அமர்வு நடந்ததே 2004 ஆகஸ்ட்டில்தான். அந்த அமர்வில் நிறுத்தப்பட்ட ஒருவரின் வழக்கைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். அவருக்கு ஒதுக்கப்பட்டவர் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் தகுதியில் இருந்த ஒரு வழக்கறிஞர். இருவர் பெயரும் பொதுவெளியில் இருப்பவைதான். ஆனாலும் இந்த வகைப் பதிவுக்கு அவர்கள் எந்த நிலையில் மாட்டிக்கொண்டார்கள் என்பது போதும், பெயர் வேண்டாம்.

பின்னணி

2001 நவம்பர் 13 அன்று அதிபர் புஷ் ஒரு ராணுவ ஆணை பிறப்பித்தார். அமெரிக்கக் குடிமகன் அல்லாத, பயங்கரவாதத்தோடு தொடர்புடையவர் என்று அதிபர் கருதுகிறவர்களை ராணுவ ஆணையங்கள், அதாவது மேலே சொன்ன வகைத் தீர்ப்பாயங்கள், விசாரிக்கலாம் என்றது அது. இந்த ஆணையமும் கோர்ட் மார்ஷலும் ஒன்றல்ல. கோர்ட் மார்ஷல் என்றால் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ராணுவ நீதிச் சட்டத்தின்படி நடக்கும் வழக்கமான ராணுவ நீதிமன்ற விசாரணை. அதற்குச் சாட்சிய விதிகள் உண்டு, மேல்முறையீடு உண்டு. ஆணையத்துக்கான விதிகளைப் பாதுகாப்புத் துறையே எழுதி 2002 மார்ச் 21 அன்று வெளியிட்டது. யாரோ சொல்லக் கேட்டதையும் சாட்சியமாக ஏற்கலாம். ரகசியம் என்று கருதினால் குற்றம் சாட்டப்பட்டவரையே அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடலாம். கடைசி முடிவு அதிபரிடம் அல்லது அவர் சார்பில் பாதுகாப்புத் துறை அமைச்சரிடம். ராணுவ வழக்கறிஞர் ஒருவரை அரசே ஒதுக்கும், அவரை வேண்டாம் என்று தட்டிக்கழிக்க முடியாது. சிவில் வழக்கறிஞர் வேண்டுமென்றால் சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம்.

விதிகள் வெளியாகி ஆறு வாரத்துக்குள் தொடரின் எபிசோடு வந்துவிட்டது. பாதுகாப்புத் துறை அதற்கு உதவியது. அமெரிக்கப் பத்திரிகைகளில் அப்போதே செய்தியானது. படமெடுப்பவர்களுக்கு ராணுவம் உதவுவது அங்கே புதிது இல்லை. கதையைப் படித்துப் பார்த்து, ராணுவத்தைச் சரியாகக் காட்டுகிறது, ஆள் சேர்ப்புக்கோ மக்கள் புரிந்துகொள்வதற்கோ பயன்படும் என்று தோன்றினால் இடம், வாகனம், ஆலோசனை எல்லாம் கொடுப்பார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிஜ ஆணையம் கூடும் முன்பே, அது எப்படி இருக்கும் என்ற படம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டது. அந்தப் படத்தில் எதிரிக்கும் திறமையான வழக்கறிஞர், நியாயமான அறை, கடைசியில் ஒரு தீர்ப்பு. அமெரிக்கப் பார்வையாளர் அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்.

இன்னொரு பின்னணியும் தேவை. 1942 ஜூனில் எட்டு ஜெர்மானியர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து லாங் ஐலண்டிலும் புளோரிடாவிலும் நாசவேலைக்காக இறங்கினார்கள். பிடிபட்டதும் அதிபர் ரூஸ்வெல்ட் ராணுவ ஆணையம் அமைத்து, சாதாரண நீதிமன்றங்களை அணுக முடியாதபடி கதவைச் சாத்தினார். அவர்களுக்காக வாதாட நியமிக்கப்பட்ட கர்னல் ஒருவர், அந்த ஆணை செல்லுமா என்பதே சந்தேகம் என்று அதிபருக்கே எழுதினார். அப்புறம் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் கோடை விடுமுறையில் சிறப்பு அமர்வாகக் கூடியது. கர்னல் தோற்றார். ஆகஸ்ட் 8 அன்று எட்டுப் பேரில் ஆறு பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. ஆனால் சீருடையில் இருக்கும் வழக்கறிஞர் தன் தலைமைத் தளபதியின் ஆணையையே எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்ற முன்மாதிரி அன்றே உருவாகிவிட்டது. 2001-இன் ஆணையை எழுதியவர்கள் அந்தத் தீர்ப்பைத்தான் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கர்னலை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கட்சிக்காரர்

ஏமன் நாட்டவர். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்பு அளவுதான். ஆப்கானிஸ்தான் போய், பின் லேடனிடம் மாதம் ஏறக்குறைய 200 டாலர் சம்பளத்தில் ஓட்டுநர் ஆனார். 2001 நவம்பர் இறுதியில் கந்தகார் பக்கம் ஆப்கன் படையினர் அவரைப் பிடித்து அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஓட்டி வந்த காரில் இரண்டு விமான எதிர்ப்பு ஏவுகணைகள் இருந்தன என்பது அரசுத் தரப்பின் முக்கியமான பிடிமானம். 2002-இல் கியூபாவில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் இருக்கும் குவாண்டனாமோ சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். இளையவள் அவர் பிடிபட்ட பிறகு பிறந்தவள்.

2003 ஜூலையில் ஆணைய விசாரணைக்குத் தகுதியானவர்கள் என்று அதிபர் குறித்த ஆறு பேரில் இவரும் ஒருவர். ஆனால் குற்றப்பத்திரிகை எதுவும் இல்லை. டிசம்பரில் தனிமை அறைக்கு மாற்றினார்கள். அந்த மாதமே அவருக்கு வழக்கறிஞரை ஒதுக்கினார்கள்.

வழக்கறிஞர் கவனித்தவை

அவர் கடற்படை அகாடமியில் படித்தவர், கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் பிரிவுக்கு வந்தவர். தொடரின் கதாநாயகனைப் போலவே, படைக்குள் இருந்து சட்டத்துக்கு வந்த ஆள்.

நியமனத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றிப் பேரம் பேசுவதற்காகத்தான் வழக்கறிஞரை ஒதுக்கும்படி அரசுத் தரப்பு கேட்டிருந்தது. அந்தப் பேச்சு நடக்கும் வரைதான் கட்சிக்காரரைப் பார்க்கும் அனுமதியும். இதை அவர் பின்னர் 2005-இல் செனட் குழுவின் முன்னால் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த ஆய்வில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான். வக்காலத்து என்பதே கட்சிக்காரர் கொடுப்பது. இங்கே கட்சிக்காரரைப் பிடித்து வைத்திருப்பவர்தான் வழக்கறிஞரை அனுப்புகிறார். அனுப்பும்போதே என்ன முடிவோடு திரும்ப வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். இரண்டு வருடமாகக் குற்றச்சாட்டு இல்லாமல், தனிமை அறையில் இருப்பவரிடம் போய், அதே படையின் சீருடையில் ஒருவர் நின்று "நான் உன் வக்கீல், ஒப்புக்கொள்" என்றால், அவர் கண்ணுக்கு அது இன்னொரு விசாரணை அதிகாரியாகத்தான் தெரியும். ஒப்புக்கொள்ள மறுத்தால் வழக்கறிஞரும் போய்விடுவார், தனிமை மட்டும் மிஞ்சும்.

தொடரில் இந்தக் கட்டமே கிடையாது. அட்மிரல் கோப்பை நீட்டுவார், வழக்கறிஞர் வாங்கிக்கொள்வார், அடுத்த காட்சியில் கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்த எபிசோடும் நம்மை யோசிக்க வைத்ததில்லை. கோர்ட் மார்ஷலில் அது பெரிய குறை இல்லை, ஏனென்றால் அங்கே வழக்கறிஞரின் கடமையைச் சட்டம் ஏற்கனவே வரையறுத்திருக்கிறது. ஆணையத்தில் அந்தக் கடிதம்தான் எல்லாம்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு: பேரம் பேசும் தூதராக மட்டும் போவதில்லை. 2004 தொடக்கத்தில் குவாண்டனாமோ போனபோது, ஏமனைப் பற்றி ஆராய்ந்த ஒரு பேராசிரியரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போனார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சிறையிலேயே இருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் விசாரணையிலும் உட்கார்ந்தவர்கள். அவர்கள் குரலில் வரும் வார்த்தையை ஒரு கைதி எப்படி நம்புவார்? அவர் ஊரை அறிந்த ஒருவர் வழியாகப் பேசியதால்தான் உரையாடல் என்று ஒன்று தொடங்கியது. ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம், வழக்குப் போடவும் செய்யலாம் என்று எல்லா வழியையும் சொன்னார். பின்னர் ஏமனுக்கே போய்க் குடும்பத்தையும் சந்தித்தார்.

இரண்டாவது: அதே ஆண்டு பிப்ரவரியில், ராணுவ நீதிச் சட்டத்தின்படி குற்றச்சாட்டு என்ன என்று சொல்லுங்கள், சீக்கிரம் விசாரியுங்கள் என்று எழுத்துமூலம் கேட்டார். அந்தச் சட்டம் இவருக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. இந்தப் பதிலை வாங்கியதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். மேலே போவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் எல்லாக் கதவையும் தட்டி, அவை திறக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது முடிவு பெரியது. 2004 ஏப்ரலில் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. கட்சிக்காரருக்குத் தானே மனுப் போட வழி இல்லாததால், அவருக்கு நண்பர் என்ற நிலையில் வழக்கறிஞர் தன் பெயரிலேயே போட்டார். எதிர்மனுதாரர் பாதுகாப்புத் துறை அமைச்சர். அதாவது பணியில் இருக்கும் கடற்படை அதிகாரி ஒருவர், தன் துறை அமைச்சரை எதிர்த்து வழக்குப் போடுகிறார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் சியாட்டிலின் ஒரு சட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கட்டணம் இல்லாமல் சேர்ந்துகொண்டார்கள்.

ஏன் ஆணையத்துக்குள்ளேயே வாதாடிப் பார்க்கவில்லை? சாட்சியை நன்றாகக் குறுக்கு விசாரணை செய்து, தொடரில் வருவது போல உண்மையை வெளியே கொண்டுவந்திருக்கக் கூடாதா? கேள்வி நியாயமானது. ஆனால் எந்தச் சாட்சியம் வரும், கட்சிக்காரர் எப்போது அறையில் இருக்கலாம், தீர்ப்பை யார் உறுதி செய்வார் என்பதையெல்லாம் வழக்குப் போடும் தரப்பே தீர்மானிக்கும் அறையில், குறுக்கு விசாரணைத் திறமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அங்கே வாதாடி ஜெயித்திருந்தாலும் அந்த அறை அப்படியேதான் இருந்திருக்கும். அறை செல்லுமா என்று கேட்பதைத் தவிர அவருக்கு வேறு தற்காப்பு இல்லை. அவர் தனியாகவும் இல்லை: அந்த ஜனவரியிலேயே, ஆணையங்களுக்கு ஒதுக்கப்பட்ட ராணுவ வழக்கறிஞர்கள் ஐந்து பேர், இவரையும் சேர்த்து, இன்னொரு குவாண்டனாமோ வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு அதிபரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் மனு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு நடந்தது

2004 ஜூலையில் ஒருவழியாகக் குற்றச்சாட்டு வந்தது: சதி. கொலை இல்லை, தாக்குதல் இல்லை. ஆகஸ்ட்டில் ஆணையம் கூடியது; அங்கே ஒரு பகுதியின்போது கட்சிக்காரரை வெளியே அனுப்பவும் செய்தார்கள். நவம்பர் 8 அன்று, குவாண்டனாமோவில் அமர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, சியாட்டிலிலிருந்து வழக்கு மாற்றப்பட்டிருந்த தலைநகர் வாஷிங்டனில், மாவட்ட நீதிபதி இந்த ஆணையம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தார். செய்தி வந்ததும் அமர்வை நிறுத்தினார்கள்.

2005 ஜூலை 15 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொடர் முடிந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அமர்வில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் சில நாளிலேயே உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டார். அதனால் வழக்கு அங்கே வந்தபோது அவர் விலகியிருந்தார்.

2006 ஜூன் 29. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஓட்டுநர் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் இப்படி ஓர் ஆணையத்துக்கு அனுமதி தரவில்லை. அதன் விதிகள் ராணுவ நீதிச் சட்டத்துக்கும் போரில் பிடிபட்டவர்களை நடத்தும் விதம் பற்றிய ஜெனிவா ஒப்பந்தங்களின் பொதுவான மூன்றாம் பிரிவுக்கும் எதிரானவை. தீர்ப்பை எழுதிய நீதிபதி இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர்.

தீர்ப்பு வந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், கமாண்டர் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று வழக்கறிஞருக்குத் தெரிந்தது. அமெரிக்கப் படைகளில் குறித்த காலத்துக்குள் அடுத்த படிக்கு ஏறாத அதிகாரி வெளியேற வேண்டும். அவர் 2007-இல் கடற்படையை விட்டுப் போனார். பதவி உயர்வுக் குழு காரணம் சொல்வதில்லை. எனவே வழக்குதான் காரணம் என்று இங்கே எழுத முடியாது. ஆனால் அதே நிலையில் இருக்கும் அடுத்த இளம் அதிகாரி இதிலிருந்து என்ன புரிந்துகொள்வார் என்பதும் இந்த நிகழ்வின் விளைவுதான். அதை ஆய்விலிருந்து விட்டுவிட எனக்கு மனசில்லை.

கட்சிக்காரர் விடுதலை ஆகவில்லை. 2006 அக்டோபரில் நாடாளுமன்றம் ராணுவ ஆணையங்களுக்கு ஒரு சட்டமே இயற்றியது. புதிய குற்றப்பத்திரிகையில் சதியோடு, பயங்கரவாதத்துக்குப் பொருளுதவி என்பதும் சேர்ந்தது. 2008 ஜூலையில் விசாரணை. இப்போது சிவில் வழக்கறிஞராகிவிட்ட பழைய கடற்படை அதிகாரியும் தற்காப்புக் குழுவில் இருந்தார். அதற்கு முன்பு ஏப்ரலில், ஆணையங்களின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்து ராஜினாமா செய்த கர்னல் ஒருவரே வந்து, மேலிடத் தலையீடு இருந்தது என்று தற்காப்புத் தரப்புக்காகச் சாட்சி சொன்னார். ஆப்கானிஸ்தானில் வற்புறுத்தலான சூழலில் வாங்கிய வாக்குமூலங்கள் சிலவற்றை ராணுவ நீதிபதி ஏற்க மறுத்தார்.

ஆறு ராணுவ அதிகாரிகள் கொண்ட குழு சதிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. பொருளுதவியில் குற்றவாளி என்றது. அரசுத் தரப்பு குறைந்தது 30 வருடம் கேட்டது. குழு கொடுத்தது 66 மாதம். அதில் 61 மாதத்தை ஏற்கனவே கழித்ததாக எடுத்துக்கொண்டார்கள். நவம்பரில் ஏமனுக்கு அனுப்பி, 2009 ஜனவரியில் வீட்டுக்கு விட்டார்கள். 2012 அக்டோபர் 16 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் ரத்து செய்தது: அவர் அந்தச் செயலைச் செய்த காலத்தில் பொருளுதவி என்பது சர்வதேசச் சட்டத்தில் போர்க்குற்றமே இல்லை.

தொடர் சரியாகக் காட்டியதும் விட்டதும்

ஆட்களைப் பற்றி அந்தத் தொடர் சொன்னது உண்மையாக இருந்தது. இதை நான் முழு மனதோடு சொல்வேன். எதிரி என்று ஒரு நாடே கருதும் ஆளுக்காகச் சீருடை போட்ட ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்து நின்றார். குற்றத்தை எடைபோட்ட ஆறு அதிகாரிகளும் அரசு கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. வாக்குமூலத்தை ஒதுக்கிய நீதிபதி கடற்படை அதிகாரி. மேலிடத் தலையீட்டைப் போட்டு உடைத்த கர்னல் விமானப் படை. பெல்லிசாரியோவின் கதாபாத்திரங்கள் இவர்களைப் பார்த்தால் வெட்கப்படத் தேவையில்லை.

விட்டது அறையை. நல்ல ஆட்கள் இருந்தால் அந்த அறையும் நல்லதாகத்தான் இருக்கும் என்று 2002-இன் எபிசோடு எடுத்துக்கொண்டது. அறையின் விதிகளைக் கேள்வி கேட்பதும் தற்காப்பு வழக்கறிஞரின் வேலை என்பது அதன் கதைக்குள் வரவில்லை. விதிகளை எழுதிய துறையின் உதவியோடு எடுத்த கதையில் அது வந்திருக்குமா என்று கேட்டால், வருவது கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

என்ன மாறியிருக்க வேண்டும்

நியமனக் கடிதத்தில் நிபந்தனையே இருக்கக் கூடாது. குற்றம் சாட்டும் தரப்பு வழக்கறிஞரைக் கேட்டு அனுப்பும் ஏற்பாடு முளையிலேயே தவறு. ஒருவரைத் தனியாகப் பிரித்து ஆணைய விசாரணைக்கு என்று குறித்த நாளிலேயே, ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கூடவே இருக்கும் வழக்கறிஞர் கிடைத்திருக்க வேண்டும். இந்த வழக்கில் 2003 ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் அவருக்கு யாரும் இல்லை.

மொழிபெயர்ப்பாளரைத் தற்காப்புத் தரப்பே தேர்ந்தெடுக்க வேண்டும், செலவு அரசுடையது. 2009-இல் திருத்திய சட்டம் கொடுமைப்படுத்தி வாங்கிய வாக்குமூலங்களுக்குக் கதவை அடைத்தது. அது எட்டு வருடம் தாமதம். கோர்ட் மார்ஷல் என்ற தயார் நிலையில் இருந்த ஏற்பாட்டையே 2001-இல் பயன்படுத்தியிருந்தால், இந்த ஓட்டுநரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகாமலேயே முடிந்திருக்கும் என்பது என் கருத்து. அவருடைய குற்றம் 66 மாதம் பெறும் அளவுதான் என்று அதிகாரிகள் குழு ஒன்று கடைசியில் சொல்லத்தான் செய்தது.

பதவி உயர்வு விஷயம் இன்னும் தீராதது. ஒதுக்கப்பட்ட கட்சிக்காரருக்காக அரசை எதிர்த்து வழக்காடிய ராணுவ வழக்கறிஞரின் கோப்பு உயர்வுக் குழுவின் முன் போகும்போது, அந்த வழக்கு அவருடைய கடமையின் பகுதி என்று எழுதி இணைக்க வேண்டும். அவரைத் தாண்டிப் போனால் குழு காரணத்தை எழுத்தில் அவருக்குத் தர வேண்டும். கோர்ட் மார்ஷலில் தற்காப்புப் பக்கம் தீவிரமாக வாதாடியதற்காக ஓர் அதிகாரிக்குக் குறைவான மதிப்பீடு போடக் கூடாது என்று ராணுவ நீதிச் சட்டமே சொல்கிறது. பதவி உயர்வுக் குழுவின் மூடிய அறைக்குள்ளும் அந்தத் தடை செல்லுபடியாக வேண்டும்.